எட்டுகிற பந்து

பேஸ்பால் மட்டையை என் அக்கா ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் எங்கள் தொழிலாளர் கழகத்தின் ஆறு அணிகளிலும் போய், "யாரைக் கண்டா உங்களுக்குப் பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். பந்து வீசும் பிட்சரையும் சொல்லமாட்டார்கள், அம்பயரையும் சொல்லமாட்டார்கள். "பென்சில் அக்கா" என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவள் அவள். நான் அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி, பஸ் டிப்போ அணியில் மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர். அந்த வகையில் இரண்டு பக்கமும் அடி வாங்கியவன்.

டிப்போவில் அவளுக்குப் புகார்ப் பிரிவில் வேலை. தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, மூன்று வண்ணங்களில் கோப்புகள். பஸ் நிற்காமல் போனது, கதவில் கை நசுங்கியது, டிரைவர் முறைத்தார் என்று காலையிலிருந்து ஆட்கள் வந்து கத்திவிட்டுப் போவார்கள். அக்கா குறுக்கே பேசமாட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "பஸ் கிளம்பினப்போ நீங்க நிறுத்தத்துல நின்னீங்களா, ஓடி வந்துக்கிட்டு இருந்தீங்களா?" பாதிப் புகார் அங்கேயே படுத்துவிடும். மீதிப் பாதியில் டிரைவர் மாட்டிக்கொள்வார். முகத்தைப் பார்த்து அவள் ஒரு வரியும் எழுதியதில்லை.

இவள் ஆட்டக் களத்துக்கு வந்த கதை வேடிக்கையானது. அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, டிப்போவில் மெக்கானிக். எங்கள் அணியில், ஓடுகிறவர்கள் தொட்டுப் போகிற மூன்றாவது பலகையான மூன்றாம் பேஸில் நிற்பவர். எதையும் தாண்டவிடமாட்டார் என்பதால் அவருக்குச் 'சுவர்' என்று பட்டப்பெயர். கல்யாணமான புதிதில் ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தான் பிடித்த பந்துகளைப் பற்றி அளந்து விடுவார். ஒரு வாரம் நாலு பந்து, மறு வாரம் அதே ஆட்டத்தில் ஆறு பந்து. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மரப்பலகையில் வந்து உட்கார்ந்தாள். அன்று மாமா பிடித்தது இரண்டு பந்து. அன்றிலிருந்து வீட்டில் பந்துகளின் எண்ணிக்கை கட்டுக்குள் வந்தது.

ஆட்டத்தில் அவளை முதலில் படுத்தியெடுத்தது ஃபவுல் பந்துதான். மட்டை பிடிப்பவன் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போகும். அடித்த பந்து அந்தக் கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல். அடிக்கத் தவறினால் ஸ்டிரைக், பிட்சர் ஒழுங்கில்லாமல் போட்டால் 'பால்', மூன்று ஸ்டிரைக் ஆனால் ஆள் அவுட். ஃபவுலும் ஸ்டிரைக்தான், ஆனால் முதல் இரண்டு வரைக்கும்தான். இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு ஒருவன் ஒன்பது பந்தை வெளியே அடித்தாலும் எண்ணிக்கை இரண்டிலேயே நிற்கும், அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கலாம்.

"அது என்னடா நியாயம்? மூணாவது தப்பு தப்பில்லையா?" என்றாள்.

"தப்பில்லக்கா. அவன் தப்பிச்சுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"கை ஓயற வரைக்கும்."

அதிலும் விதிவிலக்குகள் உண்டு. அடிக்காமல் மட்டையை நீட்டிப் பந்தை மெதுவாகத் தட்டிவிடுகிற ஆள், இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு அதை வெளியே தட்டினால் அவுட். மட்டையின் ஓரத்தில் உரசி நேராக என் கையுறைக்குள் வந்து நின்றால் அதுவும் ஸ்டிரைக், மூன்றாவது என்றால் ஆள் காலி. உயரமாகப் போன ஃபவுலைத் தரையில் விழுமுன் யாராவது பிடித்துவிட்டால் எத்தனையாவதாக இருந்தாலும் அவுட். நான் இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். அக்கா சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதிக்கொண்டாள்.

கழகத்தின் ஸ்கோர் தாளில், இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு வரும் ஃபவுலுக்கு இடமே கிடையாது. யாரும் கேட்பதும் இல்லை. அக்கா மட்டும் அந்தக் கட்டத்தின் மூலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைப்பாள். "பிட்சர் கை வலிக்கப் போட்டிருக்கான், இவன் உயிரக் குடுத்து அடிச்சிருக்கான். ஒண்ணுமே நடக்காத மாதிரி விட்டுட முடியுமா?" என்பாள். ஒருமுறை ஒரு ஆள் விடாமல் வெளியே வெளியே அடித்து, அம்பயருக்கே கணக்கு மறந்துபோய், மேஜைப் பக்கம் பரிதாபமாகத் திரும்பினார். அக்கா தலையைத் தூக்காமல், "மூணு பால், ரெண்டு ஸ்டிரைக், பதினோரு ஃபவுல்" என்றாள். அம்பயர் தொப்பியைத் தொட்டார். எனக்கு அன்று இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் அவளுடைய உண்மையான கடுமை புள்ளியில் இல்லை, பிழையில் இருந்தது. தடுக்கிற பக்கத்து ஆள் பிடிக்கவேண்டிய பந்தை விட்டால், அவர் கணக்கில் ஒரு பிழை ஏறும். ஆட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. எனக்கு இரண்டு, மூன்றாம் பேஸ் மாமாவுக்கு ஐந்து. பிழைக்கு 'பி' எழுதிப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுவாள். பி-2 என்றால் என் மானம் போயிற்று என்று பொருள்.

முதல் பி-2 எனக்கு ஒரு ஃபவுல் பந்தில்தான் வந்தது. தலைக்கு மேலே செங்குத்தாக எழும்பிய பந்து. முகமூடியைக் கழற்றி எறிந்து, கீழே நின்று, வானத்தைப் பார்த்து, அழகாகக் கைநழுவ விட்டேன். விழுந்தது வெளியே, ஃபவுல். அடுத்த பந்திலேயே அந்த ஆள் மட்டையைச் சுழற்றிக் காற்றை அடித்து அவுட்டாகிவிட்டான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியும் தாளில் பி-2. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நான் ஆடின ஆட்டத்தைக் களத்தில்கூட ஆடியதில்லை.

"அவன்தான் அவுட் ஆயிட்டானே! அப்புறம் என்ன பிழை?"

"நீ பிடிச்சிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். நீ விட்டதால அவனுக்கு இன்னொரு பந்து கிடைச்சுது. அவன் அதை வச்சு என்ன பண்ணினான்கிறது அவன் பாடு. குடுத்தது நீ."

"கூடப்பிறந்தவன்னு பாக்கமாட்டியா?"

"பாத்தேன். அதான் சோறு போட்டிருக்கேன்."

கழகத்தின் விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரே அளவுகோல்தான். அந்த இடத்தில் நிற்பவர் சாதாரணமாக முயன்றாலே பிடித்திருக்கக்கூடிய பந்தா? ஆமாம் என்றால் பிழை. கை பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எட்டாத பந்து என்றால் யார் தலையிலும் ஏறாது. எங்கள் அணியில் இடது கோடியில் ஒரு கண்டக்டர் நிற்பார், உடம்பு கொஞ்சம் தாராளம். வருடக் கணக்காக அவர் பெயரில் பிழையே இல்லை, ஏனென்றால் அவர் எந்தப் பந்துக்கும் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். மாமா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

மாமாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினெட்டு வருடம் ஆடியவர். ஒரு கோப்பை, ஒரு பதக்கம், ஒரு கைக்கடிகாரம்கூட வாங்கியதில்லை. அடிக்கிறவர்களுக்கு எல்லாம் கிடைக்கும், தடுக்கிறவரை யார் பார்க்கிறார்கள்? எங்கள் கழகத்தில் தடுப்பவர்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு செம்புக் கேடயம். உள்வட்டத்தில், அதாவது பேஸ்களை ஒட்டி நின்று முழு வருடமும் ஆடி, ஒரு பிழைகூடச் செய்யாதவருக்கு. பல வருடங்கள் அது யாருக்கும் போகாமல் செயலரின் அலமாரியிலேயே கிடக்கும்.

அவருக்கு நாற்பத்தேழு வயதாகி, வலது முழங்கால் தினமும் ஏதாவது சொல்ல ஆரம்பித்த வருடத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. பாதி வருடம் போயிற்று, பிழை இல்லை. முக்கால் வருடம் போயிற்று, பிழை இல்லை. மாமா வாயைத் திறந்து கேடயம் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் வாளியில் வெந்நீர் வைத்து, காலை விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வெந்நீர் ஆறினால் அக்கா இன்னொரு சொம்பு ஊற்றிவிட்டுப் போவாள். "இந்த வருஷத்தோட போதும்னு இருக்கேன்" என்று ஒருநாள் மட்டும் என்னிடம் சொன்னார். அந்த மனிதர் அதை எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது டிப்போவின் டயர் குவியலுக்குக்கூடத் தெரியும்.

கடைசி ஆட்டம் சலவை நிலையத்து அணியோடு. காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. கழகச் செயலர் கேடயத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, ஸ்கோர் மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை மாமா பக்கம் ஏழு பந்து போயிற்று, ஏழையும் பிடித்தார். எங்களுக்கு ஒரு ஓட்டம் அதிகம், அவர்களுக்கு இரண்டு பேர் அவுட், இன்னொருவர் போனால் ஆட்டம் முடிந்தது, இரண்டாம் பேஸில் ஒரு ஆள் ஓடத் தயாராக நிற்கிறான். மட்டை பிடிக்க வந்தவன் அவர்களின் இஸ்திரிக்காரன், கை நீளம் மட்டும் ஒரு முழம் கூடுதல்.

இரண்டு ஸ்டிரைக் சீக்கிரமே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஆரம்பித்தான் பாருங்கள். வலது பக்கம் ஒரு ஃபவுல். எனக்குப் பின்னால் கம்பிவலையில் ஒன்று. இடது பக்கம் ஒன்று, மறுபடி வலது பக்கம் ஒன்று, என் கால்விரலில் ஒன்று. எங்கள் பிட்சர் கையை உதறிக்கொண்டார். ஆறாவது பந்து மட்டையின் மேல்பக்கத்தில் பட்டு, மூன்றாம் பேஸ் கோட்டுக்கு வெளியே, வேலிப் பக்கமாக, உயரே எழும்பியது.

இப்படிப்பட்ட பந்து யாருடையது என்று கத்திச் சொல்வது கேட்சர் வேலை. "மாமா, உங்களோடது!" என்று கத்தினேன்.

மாமா ஓடினார். நன்றாகத்தான் ஓடினார். பிறகு திடீரென்று வேகம் குறைந்து, இரண்டு எட்டு முன்னாலேயே நின்றுவிட்டார். பந்து அவருக்கு எதிரே புல்லில் விழுந்து ஒருமுறை எம்பியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் 'ச்சு' கொட்டினார்கள். அடுத்த பந்துக்கு இஸ்திரிக்காரன் மட்டையை ஓங்கி வீசித் தவறவிட்டான். பந்து என் கையுறைக்குள், ஆட்டம் முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்தோம். ஃபவுல் பந்தை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

நான் நினைத்தேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் மேஜைக்குப் போனேன். அக்கா பென்சிலை விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்தபடி இருந்தாள். இஸ்திரிக்காரன் கட்டத்தின் மூலையில் ஆறு புள்ளி. ஆறாவதன் பக்கத்தில் இன்னும் எதுவும் இல்லை. செயலர் மேஜைக்கு அடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தாளில் அக்கா கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம் சட்டப்படி முடிந்ததாகக் கணக்கு.

சலவை நிலையத்து மேலாளர் நல்ல மனுஷர். தோற்றுப்போன வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து, "அம்மா, அதைப் போய் யோசிச்சுக்கிட்டு இருக்கீங்களா? அந்த முழங்காலை வச்சுக்கிட்டு அவரால எப்படி எட்ட முடியும்? எங்க பசங்க யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க" என்றார்.

அக்கா களத்தைப் பார்த்தாள். மாமா அங்கே பேஸ் பலகைகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிரும்போது தொடையில் கை ஊன்றினார்.

அவள் கண் அங்கேயே நின்றதை நான் பார்த்தேன். பிறகு தாளுக்குத் திரும்பி, எதுவும் எழுதாமல், கீழே கையெழுத்துப் போட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வயிற்றெரிச்சலும் இல்லாமல் இல்லை. "தம்பிக்கு ஒரு சட்டம், புருஷனுக்கு ஒரு சட்டமா?" என்று காதருகில் கேட்டேன்.

"பேசாம இருடா" என்றாள்.

செயலர் செய்தித்தாளைப் பிரித்தார். கூட்டம் கூடியது. யாரோ மாமாவைக் கூப்பிட, அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். கேடயத்தைப் பார்த்தார். செம்பில் வெயில் பட்டு அவர் முகம் சிவந்து தெரிந்தது. கையை நீட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி மேஜையில் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"அந்தக் கடைசிப் பையனோட கட்டம் எது?"

அக்கா விரலை வைத்துக் காட்டினாள்.

"இந்த ஆறாவது பந்து?"

"ஃபவுல்."

"அவ்வளவுதானா?"

"எட்டாத பந்துங்க" என்றாள் அக்கா, அவரைப் பார்க்காமல்.

"யாருக்கு எட்டாது?"

சலவை நிலையத்து மேலாளர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். மாமா அவரைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு அக்காவிடமே பேசினார். அதிர்ந்து பேசவில்லை. "நான் வேலி வந்துடுச்சுன்னு நினைச்சேன். இடிச்சுக்கப் போறோம்னு பந்துலேருந்து கண்ணை எடுத்துத் திரும்பிப் பாத்தேன். வேலி இன்னும் பத்தடி தள்ளி இருக்கு. மறுபடி மேல பாக்கறதுக்குள்ள விழுந்துடுச்சு. காலு ஒண்ணும் பண்ணலை. அது கையில வந்து விழவேண்டிய பந்து. நான் விட்டேன்."

"கால் முடியலைன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

"நீ ஒண்ணும் எழுதாம விட்டிருக்கே பாரு, அதுக்கு என்ன அர்த்தம்? இந்த ஆளால இது முடியாதுன்னு அர்த்தம். அந்தக் கண்டக்டருக்கு எழுதற மாதிரி எனக்கு எழுதியிருக்கே." தாளை அவள் பக்கம் தள்ளினார். "எனக்கு எட்டும்னு எழுதும்மா."

என் அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று இருபது பேர் முன்னால் அவள் கண்ணிலிருந்து நீர் நேராகத் தாளில் விழுந்தது. புறங்கையால் ஒற்றி எடுத்துவிட்டு, ஆறாவது புள்ளிக்குப் பக்கத்தில் எழுதினாள்: பி-5. வழக்கமாகப் போடுகிற அளவிலேயே, கோணல் இல்லாமல். மாமா குனிந்து பார்த்தார். "ம்" என்றார். பிறகு மிச்சமிருந்த பேஸ் பலகையை எடுக்கப் போய்விட்டார்.

அந்த வருடமும் கேடயம் யாருக்கும் போகவில்லை. செயலர் அதை அதே செய்தித்தாளில் சுற்றினார், பாவம், சுற்றத் தெரியாமல் மூன்று முறை சுற்றினார். எனக்கு அவர்மேல், மாமாமேல், அக்காமேல், அந்த இஸ்திரிக்காரன்மேல், எல்லார்மேலும் கோபம் வந்தது. எட்டு மாதம் வெந்நீரில் கால் வைத்த மனிதர், கைக்கு வந்ததை இப்படியா தள்ளிவிடுவது? கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான், எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருக்கிறது என்று புரிந்தது.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவர்கள் இருவரும் முன் இருக்கையில், நான் பின்னால். அக்கா மடியில் நோட்டை விரித்து வருடக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த ஆறுதல்.

"இந்த வருஷம் உங்க பக்கம் மொத்தம் நூத்திப் பதினாலு பந்து வந்திருக்கு" என்றாள் கடைசியில். "ஒரே ஒரு பிழை. உங்க வயசுல கழகத்துல யாரும் இப்படி ஆடினதில்ல."

"உன் தாள்ல வயசுக்குன்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் இன்னைக்கு எதுக்கு அதைப் பாத்த?"

அக்கா நோட்டை மூடினாள். "மனசு கேக்கலங்க. பதினெட்டு வருஷமா ஒண்ணுமே வாங்கலையேன்னு இருந்துச்சு" என்றாள்.

"கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா, கால் வலிக்குதுன்னு ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கமாட்டேன்தான்" என்று மாமா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. "ஆனா ஒரு பந்து எனக்கு எட்டாத அன்னைக்கு நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் நான் விட்டா விட்டேன்னு எழுது."

"சரி" என்றாள்.

எங்கள் நிறுத்தம் வந்தது. படி கொஞ்சம் உயரமான பஸ் அது. மாமா கம்பியைப் பிடித்து, வலது காலை மெதுவாகக் கீழே இறக்கி, அடுத்த காலுக்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற அக்காவின் கை அவர் முழங்கைக்குப் பக்கம் வரை போயிற்று. போனது அப்படியே நின்றது. அவள் கையை மடக்கிக்கொண்டாள். அவர் தரையில் இறங்கி நிமிரும் வரை காத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு இறங்கினாள்.